எடையைப் பார்த்தீர்கள், எடை எப்படி வந்தது என்று பார்த்தீர்களா? போதைப்பொருள் சிறப்பு நீதிமன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் போதைப்பொருள் வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றங்களின் மாண்பமை நீதிபதிகளுக்கும், அந்த நீதிமன்றங்களின் அரசு வழக்கறிஞர்களுக்கும்,

‘கைப்பற்றப்பட்டது வணிக அளவு. பிரிவு 37-இன் தடை பொருந்தும். மனு தள்ளுபடி.’ இந்த மூன்று வாக்கியங்களோடு முடியும் பிணை உத்தரவுகள் பெருகிவிட்டன. (போதைப்பொருள் சட்டத்தின் பிரிவு 37, வணிக அளவு வழக்குகளில் பிணைக்குக் கடும் நிபந்தனை விதிப்பது.) பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் மகஜரில் ஓர் எடையும், குற்றவியல் நடுவர் சான்றளித்த பட்டியலில் வேறோர் எடையும் இருந்தாலும் அதே மூன்று வாக்கியங்கள்தான். முதல் தகவல் அறிக்கையில் பெயரே இல்லாமல், உடன் கைதானவரின் வாக்குமூலத்தால் மட்டும் நான்காம் எதிரியாக (ஏ4) சேர்க்கப்பட்டவருக்கும் அதே மூன்றுதான். எதிர்த்தரப்பில் நின்று இந்த மனுக்களை நடத்தும் வழக்கறிஞர்கள் நாங்கள். ‘உயர் நீதிமன்றம் இருக்கிறதே, அங்கே போங்கள்’ என்பதை எங்களால் பதிலாக ஏற்க முடியவில்லை. அங்கே மனுவுக்கு எண் விழுந்து, போலீசின் எதிர்மனு (கவுன்டர்) வந்து, பட்டியலில் ஏறி, அழைக்கப்படுவதற்குள் வாரங்கள் ஓடிவிடுகின்றன. அந்த வாரங்களைச் சிறையில் கழிப்பவர் மனுதாரர்.

போதைப்பொருள் ஊரைக் கெடுக்கிறது என்பதில் நமக்குள் வழக்கில்லை. போதைப்பொருள் சட்டம் (என்.டி.பி.எஸ்.) 1985-இல் வந்தது. 1989-இல் பிரிவு 37 இறுக்கப்பட்டது. 2001-இல் தண்டனை, பிடிபட்ட அளவோடு கட்டப்பட்டது. கடுமை வேண்டும் என்பது நாடாளுமன்றத்தின் முடிவு. ஆனால் அந்தக் கடுமையான பிரிவுகூட நீதிபதியை இரண்டு கேள்விகளுக்கு விடை காணச் சொல்கிறது. அரசு வழக்கறிஞர் பிணையை எதிர்த்தால், மனுதாரர் குற்றவாளி அல்லர் என நம்ப நியாயமான காரணங்கள் உண்டா? வெளியே வந்தால் அவர் குற்றம் செய்ய வாய்ப்பில்லை எனக் கொள்ள முடியுமா? இதை அப்படியே எழுத்துக்கு எழுத்து வாசித்தால் எவருக்கும் பிணை கிடைக்காது; ஆகவே பதிவிலுள்ள ஆவணங்களை மேலோட்டமாகப் பார்த்தாவது நியாயமான ஐயம் எழுகிறதா என்று ஆராய வேண்டும் என்றுதான் முகமது முஸ்லிம் வழக்கில் (2023) உச்ச நீதிமன்றம் விளக்கியது. மூன்று வாக்கிய உத்தரவில் அந்தப் பார்வை நடந்ததற்கான தடயம் எதுவும் இல்லை. ஆவணத்தைப் பார்த்துவிட்டு, காரணம் எழுதி மறுத்தால் அது வேறு. அதை எதிர்த்து நாங்கள் மேலே போவோம். இப்படி மடல் எழுத மாட்டோம்.

எடையிலிருந்து தொடங்குகிறோம், எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது என்பதால். வணிக அளவு என்றால் அறிவிக்கையில் குறித்த அளவைவிட அதிகமானது என்பது சட்டத்தின் வரையறை. கஞ்சாவுக்கு அந்த எண் 20 கிலோ; ஹெராயினுக்கு 250 கிராம்; மெத்தாம்பெட்டமைனுக்கு 50 கிராம்; எம்.டி.எம்.ஏ.வுக்கு 10 கிராம். ஆக, சரியாக 20.000 கிலோ கஞ்சா வணிக அளவு ஆகாது. ஒரு கிராம் கூடினால் ஆகிவிடும். அந்த ஒரு கிராம் குறைந்தபட்சத் தண்டனையைப் பத்து ஆண்டாக்குகிறது, பிரிவு 37-ஐக் கொண்டுவருகிறது, குற்றப்பத்திரிகைக்கான கெடுவை 180 நாளாக நீட்டுகிறது. இவ்வளவு கனம் தாங்கும் ஒரு கிராமை நாம் எப்படி எடைபோடுகிறோம்?

ரயிலில் வரும் கஞ்சா பெரும்பாலும் பழுப்பு டேப் சுற்றிய 2 கிலோ பொட்டலங்களாக வரும். பத்துப் பொட்டலங்களை டேப்போடும் பாலித்தீன் உறையோடும் டிராவல் பேக்கோடும் தராசில் ஏற்றினால் 21 கிலோவைத் தாண்டுவது பெரிய காரியமில்லை. மகஜரில் ‘பையுடன் சேர்த்து’ என்ற இரண்டு சொற்கள் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். முதல் தகவல் அறிக்கைக்கு வரும்போது அவை உதிர்ந்துவிடும். ரிமாண்ட் மனுவில் 21 கிலோ கஞ்சா என்று ஆகிவிடும். அதன்பிறகு யாரும் மகஜருக்குத் திரும்பிப் போவதில்லை. தராசு யாருடையது, அதற்கு எடையளவு முத்திரை இருந்ததா, பொட்டலங்களைத் தனித்தனியாக நிறுத்தார்களா, உறையைப் பிரித்தபின் நிறுத்தார்களா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை மகஜரிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால், அந்த இல்லாமையே பிணைக் கட்டத்தில் பொருட்படுத்தத்தக்கது.

இங்கே அரசுத் தரப்பு ஹீரா சிங் தீர்ப்பை (2020) எடுத்து நீட்டும். தூய போதைப்பொருளின் எடையை மட்டும் பார்க்காமல் கலவையின் முழு எடையையும் பார்க்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்வது உண்மைதான். அது போதைப்பொருளோடு கலந்துவிட்ட நடுநிலைப் பொருளைப் பற்றியது. டேப்பும் சாக்கும் கலவையாகா. கஞ்சா என்றால் செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப் பகுதி என்பது சட்டத்தின் வரையறை. நுனியோடு சேராத விதையும் இலையும் அதில் வராது. வேரும் தண்டுமாகப் பிடுங்கிவந்த செடிக் கட்டை நிறுத்துவிட்டு ஹீரா சிங்கைக் காட்டுவது, அந்தத் தீர்ப்பு பேசாததை அதன் வாயில் திணிப்பது.

சொல்லியாக வேண்டிய இன்னொன்று: 80 கிலோ பிடிபட்ட லாரி வழக்கில் நாங்கள் சாக்கின் எடையைப் பற்றி வாதாட வரமாட்டோம். 20-க்கும் 23-க்கும் இடையே நிற்கும் வழக்குகளில்தான் இந்தக் கணக்கு ஒருவரின் ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது.

மூன்று பேர் மூன்று பைகளோடு ஒரு பேருந்து நிறுத்தத்தில் பிடிபடுகிறார்கள். ஒவ்வொரு பையிலும் 8 கிலோ. தனித்தனியே பார்த்தால் மூவரும் இடைநிலை அளவு, அதாவது சிறு அளவுக்கு மேல், வணிக அளவுக்குள். கூட்டினால் 24 கிலோ. கூட்டுவதற்குப் பிரிவு 29, அதாவது சதி, வேண்டும். எண்ணைச் சேர்த்து எழுதிவிட்டால் சதி வந்துவிடாது. சேர்ந்து இருந்தார்கள் என்பதை மட்டும் வைத்துத் தனித்தனியே வைத்திருந்ததைக் கூட்ட முடியாது என்று அமர்சிங் பாரோட் வழக்கிலேயே (2005) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரே பயணச்சீட்டா, தொலைபேசி அழைப்பு விவரம் உண்டா, பணம் கைமாறியதா? சதிக்கு இப்படி ஏதாவது ஒன்றை விசாரணை அதிகாரி காட்டட்டும். காட்டினால் கூட்டுங்கள். இதே போக்கில்தான் பிரிவு 27ஏ-யும் சேர்க்கப்படுகிறது. கடத்தலுக்கு நிதி கொடுப்பவரைக் குறிவைத்த பிரிவு அது. வாங்கிய பொருளுக்கு ஜிபேயில் 2,000 ரூபாய் அனுப்பியவர் மேல் அதைச் சாத்தினால், சிறு அளவு வழக்குகூடப் பிரிவு 37-க்குள் போய் விழுகிறது.

இடைநிலை அளவைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பிரிவு 37 அதற்குப் பொருந்தாது; வழக்கமான பிணை விதிகளே பொருந்தும். ஆனாலும் ‘சமூகத்துக்கு எதிரான குற்றம்’ என்ற ஒரு வரியில் அதே கதவு அதே வேகத்தில் சாத்தப்படுகிறது. நாடாளுமன்றம் போடாத தடையை உத்தரவின் நடை போட்டுவிடுகிறது.

அடுத்தது மாதிரி. 52ஏ பிரிவின்படி சரக்குப் பட்டியல், புகைப்படம், மாதிரி எடுத்தல் மூன்றும் நடுவர் முன்னிலையில் நடந்து அவருடைய சான்று பெற வேண்டும். மோகன்லால் வழக்கு (2016) இதை வலியுறுத்தியது. 2022 டிசம்பரில் வந்த மத்திய அரசின் விதிகள் படிப்படியாக வகுத்தன. கஞ்சா, சரஸ், அபின் என்றால் மாதிரி ஒன்றுக்கு 24 கிராம், மற்றவற்றுக்கு 5 கிராம், இரண்டிரண்டு படிகளாக. பொட்டலங்கள் பல இருந்தால் ஒவ்வொன்றையும் சோதனைக் கருவியால் சோதித்து, நிறமும் தன்மையும் ஒத்துப்போனால் மட்டுமே தொகுதியாகச் சேர்க்கலாம்: பொதுவாகப் பத்துப் பத்தாக, கஞ்சா என்றால் நாற்பது வரை. நடைமுறையில் சில வழக்குகளில் நடப்பது வேறு. பிடித்த இடத்திலேயே பதினொரு பொட்டலத்திலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்து, கலந்து, ஒரே மாதிரியாக அனுப்பிவிடுகிறார்கள். ஆய்வகம் ‘கஞ்சா’ என்று சொன்னால், பதினொன்றில் எது கஞ்சா என்று பிறகு ஆய்வகத்துக்கே தெரியாது. பதினோராவது பொட்டலம்தான் 20 கிலோவைத் தாண்டவைத்த பொட்டலமாக இருக்கும்போது இது நுணுக்க வாதமாகாது.

எங்களுக்கு எதிரான தீர்ப்பையும் நாங்களே சொல்லிவிடுகிறோம். 52ஏ-யில் பிழை நேர்ந்தது என்பதாலேயே பிணை தர முடியாது என்று காஷிஃப் வழக்கில் (2024) உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதனால் மட்டும் வழக்கே விழுந்துவிடாது என்று பரத் அம்பாலே வழக்கில் (2025) கூறியது. சரி. ‘பிழை இருக்கிறது, ஆகவே விடுங்கள்’ என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தப் பிழை எடையையும் பொருளின் அடையாளத்தையும் தொடுகிறதா என்று பாருங்கள் என்கிறோம். நடுவர் சான்றளித்த பட்டியலில் எடை ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தால், பச்சையாகப் பிடித்தது காய்ந்ததா, உறையோடு நிறுத்ததா, கைப்பற்றிய பொருளை வைக்கும் மால்கானாவில் குறைந்ததா என்பதை அரசுத் தரப்புதான் விளக்க வேண்டும். அந்தப் பட்டியல் நீதிமன்றத்திலேயே கிடக்கும். பிணை விசாரணையில் அதை எடுத்துப் பார்ப்பவர் அரிது.

சோதனைக் குறைபாடுகளில் எல்லாவற்றையும் பிணைக் கட்டத்தில் அளக்க முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். சிலவற்றைத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். பிரிவு 42-இன்படி ரகசியத் தகவலை எழுதிவைத்து, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்பினார்களா? தேதி முத்திரையே பதில் சொல்லும். உடல் சோதனைக்கு முன் கொடுக்கும் பிரிவு 50 நோட்டீசில் ‘நடுவர், அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி, அல்லது நானே’ என்று மூன்றாவது வழி சேர்க்கப்பட்டிருக்கிறதா? பிடிபட்ட பலருக்கும் சேர்த்து ஒரே நோட்டீசா? இரண்டும் செல்லாது என்பது பரமானந்த் தீர்ப்பு (2014). பையில் இருந்ததை எடுத்ததற்குப் பிரிவு 50 பொருந்தாது. எங்கள் தரப்பில் சிலர் அங்கேயும் அதைத் தூக்கிக்கொண்டு வருவதால் நீதிமன்றத்தின் பொறுமை கரைகிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறோம். 2024 ஜூலை முதல் சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 105. அந்தப் பதிவு எங்கே? பிணை மனுவில் இந்தக் கேள்விக்கு ஒரு கவுன்டரும் பதில் சொல்லி நாங்கள் பார்த்ததில்லை.

வாக்குமூலத்துக்கு வருவோம். தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், 2020 அக்டோபர் 29 அன்று, விசாரணை அதிகாரி பிரிவு 67-இன் கீழ் பெற்ற வாக்குமூலத்தைக் குற்ற ஒப்புதலாகப் பயன்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. நம் மாநிலத்து வழக்கு. அப்படியிருந்தும், ‘ஏ1 அளித்த வாக்குமூலத்தில் இவர் பெயர் உள்ளது’ என்ற வரியோடு ஏ4, ஏ5 ஆகியோரின் மனுக்கள் எதிர்க்கப்படுகின்றன. கையில் பொருள் இல்லை, பணம் இல்லை, அழைப்பு விவரம் இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது. குற்றமற்றவர் என நம்ப நியாயமான காரணம் இதைவிட வேறு எப்போதுதான் எழும்? எதிரிக்குப் பாதகமாக அனுமானிக்க இடம்தரும் பிரிவு 35, 54-ஐக் காட்டினால், நூர் ஆகா தீர்ப்பையும் (2008) சேர்த்து வாசிக்க வேண்டுகிறோம். கைவசம் இருந்தது என்ற அடிப்படையை அரசு முதலில் நாட்டிய பிறகே அனுமானம் எழும்.

இரண்டாம் நிபந்தனை, அதாவது மறுபடி குற்றம் செய்வாரா என்பது, நடைமுறையில் முன்வழக்குப் பட்டியலாகச் சுருங்கிவிட்டது. அந்தப் பட்டியலில் நகரக் காவல் சட்டத்தின் பிரிவு 75-இன் கீழ்ப் போட்ட சில்லறை வழக்குகளும், விடுதலையாகி முடிந்த அடிதடி வழக்குகளும் இருக்கும். இதே போன்ற வாசகம் கொண்ட மகாராஷ்டிரச் சட்டத்தைப் பற்றி ரஞ்சித்சிங் சர்மா வழக்கில் (2005), குற்றம் என்றால் அந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம் என்றே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. பட்டியலின் நீளத்தை விடுங்கள். அதில் போதைப்பொருள் வழக்கு எத்தனை, அதன் முடிவு என்ன என்று கேளுங்கள்.

180 நாள் விவகாரத்தில் எங்களுக்குக் கோபமே வருகிறது. பிரிவு 36ஏ(4) தெளிவாக இருக்கிறது. கெடுவுக்குள் விசாரணை முடியாவிட்டால், அரசு வழக்கறிஞரின் அறிக்கையின் பேரில் ஓராண்டு வரை நீட்டிக்கலாம். அந்த அறிக்கையில் விசாரணை எவ்வளவு முன்னேறியது, இன்னும் காவலில் வைக்கக் குறிப்பான காரணம் என்ன என்ற இரண்டும் இருக்க வேண்டும். நமக்கு வருவதோ ஆய்வாளரின் மனு. கீழே அரசு வழக்கறிஞரின் கையெழுத்து. காரணம்: ‘ஆய்வக அறிக்கை வரவில்லை.’ மாதிரியைப் பெற்ற 15 நாளுக்குள் ஆய்வகம் அறிக்கை தர வேண்டும், அளவுப் பகுப்பாய்வுக்கு மேலும் 15 நாள் என்று 2022 விதிகளே சொல்கின்றன. ஆறு மாதமாக அறிக்கை வரவில்லை என்றால், மாதிரி எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, எத்தனை நினைவூட்டல் போனது என்று கேட்க வேண்டாமா? நீட்டிப்பு மனுவின்போது சிறையிலிருப்பவரை நேரிலோ காணொளியிலோ முன்னிறுத்தி, அவருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பது ஜிகர் வழக்கு (2022). அது பல நேரம் நடப்பதில்லை. நீட்டிப்பு வந்த செய்தி எங்களுக்கு டிஃபால்ட் பெயில், அதாவது கெடு தவறியதால் கேட்கும் பிணை, மனு போடும்போதுதான் தெரிகிறது.

நாளை எண்ணுவதிலும் சிக்கல் உண்டு. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது கபில் வாத்வான் வழக்கில் (2023) தீர்ந்தது. ஜனவரி 1 அன்று ரிமாண்ட் என்றால், லீப் ஆண்டு அல்லாதபோது ஜூன் 29-இல் 180 நாள் முடிகிறது. ஜூன் 30 காலை டிஃபால்ட் பெயில் உரிமை பிறக்கிறது. எம்.ரவீந்திரன் வழக்கு (2020) சென்னையிலிருந்து போனது. கெடு முடிந்த மறுநாள் காலை 10.30-க்குப் பிணை மனு. வாதம் நடந்த பிறகு, மாலை 4.25-க்குக் கூடுதல் புகார் (குற்றப்பத்திரிகைக்கு ஒப்பானது) தாக்கல். மனு போட்ட அந்த நொடியில் உரிமை நிலைத்துவிட்டது, பின்னால் வரும் தாள் அதைப் பறிக்காது என்றது உச்ச நீதிமன்றம். உரிமை பிறந்ததும் அதைச் சிறைவாசிக்கு நடுவரே தெரிவிப்பது நல்லது என்றும் சொன்னது.

நெடுநாள் காவலைப் பொறுத்தவரை, இரு பக்கமும் தீர்ப்புகள் உண்டு. காவலில் இருந்த காலம் மட்டும் போதாது என்கிறது மோஹித் அகர்வால் (2022). நீண்ட சிறைவாசத்தின் முன் பிரிவு 37-இன் தடை தளர வேண்டும் என்கிறது ரபி பிரகாஷ் (2023). இரண்டையும் ஒருசேர வாசிக்க வழி உண்டு: எத்தனை சாட்சிகள், எத்தனை பேர் விசாரிக்கப்பட்டார்கள், வாய்தா யாரால் போனது? இந்த மூன்றையும் உத்தரவில் எழுதினால் எந்தத் தீர்ப்பு பொருந்தும் என்பது தானே தெரிந்துவிடும்.

பிணை கிடைத்த பிறகும் வெளியே வர முடியாதவர்கள் இருக்கிறார்கள். தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள் என்று உத்தரவு சொல்லும். கீழே போனால் இருவரும் ரத்த உறவாக இருக்க வேண்டும், வீட்டு வரி ரசீது சொந்தப் பெயரில் வேண்டும் என்பார்கள். வாடகை வீட்டுக் குடும்பத்துக்கு இது பிணை மறுப்பேதான். தினமும் காலை 10.30-க்கு, ‘மறு உத்தரவு வரை’ காவல் நிலையத்தில் கையெழுத்து என்றால் தினக்கூலிக்காரரின் வேலை போகும். ஏழு நாளில் வெளிவராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதமாகியும் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி ஆராயலாம் என்று 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

மாண்பமை நீதிபதிகளே, பிணையை மறுக்கும் ஒவ்வொரு உத்தரவிலும் உறை நீக்கிய நிகர எடை எவ்வளவு, அது எந்த ஆவணத்திலிருந்து எடுக்கப்பட்டது, இந்த மனுதாரரைப் பொருளோடு இணைக்கும் சான்று எது என்ற மூன்றுக்கும் விடை எழுதுங்கள். நிகர எடை பதிவில் இல்லையென்றால், இல்லை என்று எழுதுங்கள்.

விசாரணைக்கு முன் 52ஏ பட்டியலையும் புகைப்படங்களையும் பிரிவு 105 ஒலி ஒளிப் பதிவையும் வரவழையுங்கள். கவுன்டருக்காக ஒரு வாய்தாவுக்கு மேல் தராதீர்கள். பிணை மனுக்களை இரண்டு வாரத்தில் முடிக்க வேண்டும் என்று சதேந்தர் குமார் அந்தில் தீர்ப்பு (2022) சொல்லியிருக்கிறது.

இடைநிலை அளவு வழக்குகளில் பிரிவு 37-இன் வாசகம் எந்த வடிவத்திலும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பலருடைய பைகளைக் கூட்டி வணிக அளவாக்கும் வழக்கில், சதிக்கான சான்றைத் தனியே கேளுங்கள்.

ரிமாண்ட் நீட்டிப்புத் தாளின் தலைப்பில் 180-ஆம் நாளின் தேதியை எழுதச் சொல்லுங்கள். காவல் நீட்டிப்பு மனுவின் நகல் முன்கூட்டியே எங்களுக்கும் சிறைவாசிக்கும் கிடைக்கட்டும். கெடு முடிந்த நாளில் வழக்கறிஞர் இல்லாதவருக்கு அவருடைய உரிமையை நீங்களே சொல்லுங்கள்.

ரத்த உறவு ஜாமீன்தாரர் என்ற நிபந்தனையை, உத்தரவில் இல்லாதபோது கீழே யாரும் சேர்க்கக் கூடாது என்று எழுத்தில் தெளிவுபடுத்துங்கள். கையெழுத்து நிபந்தனைக்கு முடிவுத் தேதி வையுங்கள்.

அரசு வழக்கறிஞர்களே, ஆய்வாளர் எழுதித் தந்த நீட்டிப்பு மனுவில் கையெழுத்திடுவதை நிறுத்துங்கள். வழக்கு நாட்குறிப்பைப் படித்து உங்கள் சொந்த அறிக்கையைத் தாக்கல் செய்யுங்கள். மகஜர் எடைக்கும் நடுவர் பட்டியல் எடைக்கும் வேறுபாடு இருந்தால், நாங்கள் கேட்கும் முன்பே அதை நீதிமன்றத்தின் பார்வைக்கு வையுங்கள்.

இப்படிக்கு,
போதைப்பொருள் வழக்குகளில் எதிர்த்தரப்பில் முன்னிலையாகும் வழக்கறிஞர்கள்